பட்டு நாற்காலி

தரை கீறாமலிருக்க வாசலில் கொடுத்த கம்பளிச் செருப்பைக் காலணிக்கு மேலே மாட்டிக்கொண்டு, பளபளக்கும் மரத்தரையில் சறுக்கியபடி ஃபைனா அந்த அறைக்குள் போனாள். தேயிலை வியாபாரி மாளிகை என்றால் ரஷ்ய நகரமான கொஸ்த்ரமாவில் எந்த பஸ் ஓட்டுநருக்கும் தெரியும். இப்போது அது அருங்காட்சியகம். அதற்கு முன்னால், ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரே அடுப்படியில் முட்டி மோதிய வீடு. கயிறு கட்டி, பட்டு நாற்காலிகள் போட்டு வைத்திருக்கும் இந்த வரவேற்பறையில்தான் ஃபைனாவின் கட்டிலும் துணிக்கொடியும் அவள் கணவன் யெகோரின் தூண்டில்களும் இருந்தன. அவற்றின் சுவடுகூட இல்லை. கூரைப் பூவேலைக்குப் புதிதாகப் பொன் பூசியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

சாயங்காலம் ரயிலேறி, தொலைதூர சைபீரியாவில், இர்கூத்ஸ்கில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போகிறாள். இனித் திரும்புவது நடக்காத காரியம். நெடும்பயணம் கிளம்புமுன் வீட்டிலிருக்கும் எல்லோரும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழ வேண்டும் என்பது அங்கே வழக்கம். இந்த அறையைக் காலி செய்த அன்று லாரிக்காரன் ஹாரனை அடித்த அடியில் யாருமே உட்காரவில்லை. புது வீட்டில், அந்தப் பனிக்காலம் முடியுமுன்னே யெகோர் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் இந்த முறையும் உட்காராமல் கிளம்ப அவளுக்குப் பயமாக இருந்தது.

கயிற்றைத் தூக்கினாள்.

“ஏம்மா, கயித்தத் தாண்டாதீங்க!” மூலையில் காலுறை பின்னிக்கொண்டிருந்த அறைக் காவலாளி ரிம்மா எகிறினாள். “உக்காரணும்னா ஆத்தங்கரையில பெஞ்சு கெடக்கு.”

“ஆத்தங்கரையிலயா நான் குடித்தனம் பண்ணேன்? இங்கதான் பண்ணேன். இன்னிக்கு ஊர விட்டே போறேன். கிளம்பறதுக்கு முன்னாடி உக்காரணும், அவ்ளோதான்.”

ரிம்மாவின் பின்னல் ஊசிகள் நின்றன. எழுந்து தன் மர நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டாள்.

“இதுல உக்காருங்க.”

யெகோர் தன் பூட்ஸைக் கழற்றிப் போடும் இடம் அது. உட்கார்ந்த ஃபைனா நிமிர்ந்து ரிம்மாவைப் பார்த்தாள்.

“நீங்க நின்னா எப்படி? வீட்டுல இருக்கறவங்க எல்லாருமே உக்காரணுமே.”

“வேற நாற்காலிக்கு நான் எங்க போவேன்?” என்றவள், ஃபைனாவின் பார்வை போன திசையைக் கவனித்துவிட்டாள். “அதுலயா! இத்தன வருஷத்துல ஒரு பூனையக்கூட நான் அதுல ஏற விட்டதில்ல.”

மாடிப்படியில் ஒரு சுற்றுலாக் கூட்டத்தின் கம்பளிச் செருப்புகள் சரசரத்து ஏறி வந்தன. ரிம்மா அந்தப் பக்கம் பார்த்தாள், ஃபைனாவைப் பார்த்தாள்.

“என் வேலைக்கு உலை வெக்கவே வந்திருக்கீங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தாள். பட்டு நாற்காலியின் நுனியில், முட்டை மேல் உட்காருகிறவளைப்போல உட்கார்ந்தாள்.

“இந்த அறையில்தான் வியாபாரி...” என்றபடி நுழைந்த வழிகாட்டிப் பெண் பாதியில் நிறுத்தினாள். கையை மடியில் வைத்து, வாய் பேசாமல் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள். அது என்னவென்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தடித்த ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே அமர்ந்தார். அவர் மனைவியும் அமர்ந்தாள். பிறகு ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள், கடைசியில் வழிகாட்டியும்.

ஜன்னலுக்கு வெளியே வோல்காவில் ஒரு படகு ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை. பயணம் போகிறவள் என்பதால், எழுந்திருக்கலாம் என்று சொல்ல வேண்டியவள் ஃபைனாதான். அவள் இன்னும் சொல்லவில்லை.