கூறைச்சேலை மூட்டை

எங்கள் தமிழ்க்கடைகள் நிறைந்த லா ஷப்பலில் கேஸ் எழுதுவதென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். தொலைபேசி அட்டை விற்கும் கடையின் பின்னறையில் இருந்து, அகதி விண்ணப்பத்துக்கான கதைகளைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பேன். உப்புச்சப்பில்லாத கதைகளுக்கு நானே கொஞ்சம் காரம் சேர்ப்பதும் உண்டு. அதில் எனக்குப் பெருமை வேறு.

2010 மாசியில் கமலராணி வந்தாள். வன்னிச் சண்டையின் கடைசி மாதங்களைச் சொன்னாள். ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கருக்கு மண்மூட்டை அடுக்கச் சாக்கு இல்லாமல், ஊரே சேலைகளை வெட்டிப் பை தைத்ததாம். இவள் கடைசியில் தன் கலியாணக் கூறைச்சேலையையும் வெட்டினாளாம். ஆறு வயது மகள் நிருபா சரிகை போட்ட அந்தச் சிவப்பு மூட்டையில்தான் எப்போதும் சாய்ந்திருப்பாள். கமலராணி கஞ்சிக்கு வரிசையில் நின்ற நேரம் ஷெல் விழுந்தது. ஓடிவந்து பார்த்தபோது மூட்டை கிழிந்து, பிள்ளையின்மேல் மண் கொட்டிக் கிடந்தது. பிள்ளைக்கு மூச்சு இல்லை. காரம் எதுவும் சேர்க்காமல் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் புறநகர் செவ்ரானிலிருந்து கலைமாறன் வந்தான். கொழும்பில் படித்தவன், சண்டையைக் கண்ணால் கண்டதில்லை. அவன் கேஸில் ஒன்றுமே இல்லை. என் கை சும்மா இருக்கவில்லை. அந்த மூட்டையையும் செத்த பிள்ளையையும் அவனுடைய அக்காவின் கதையாக்கி எழுதினேன். விசாரணைக்குக் கமலராணிக்கு முன்பே அவனைக் கூப்பிட்டார்கள். அகதி கார்ட் கிடைத்தது. எனக்கு மட்டன் ரோல்ஸ் வாங்கித் தந்தான்.

ஐப்பசியில் கமலராணி கடிதத்தோடு வந்து நின்றாள். நிராகரிப்பு. இதே கதை முன்பும் வந்திருக்கிறது, பாடமாக்கிச் சொன்னது என்று எழுதியிருந்தது.

"என்னவாம் அண்ணை?"

பொய் சொல்லியிருக்கலாம். வெட்கங்கெட்டவனுக்கும் ஒரு எல்லை உண்டு.

"பிழை என்னிலைதான் தங்கச்சி. உம்மடை கதையை இன்னொருத்தனுக்கும் எழுதிப்போட்டன்."

ஏசுவாள், காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அப்பீல் போடுவம். நான் செய்ததையும் சொல்லி, திரும்ப எழுதுறன்," என்றேன்.

"உண்மையை அவை இனி நம்பாயினம். இந்தமுறை பொய்யாவே எழுதுங்கோ." பேனையை என் பக்கம் தள்ளினாள். "நான் கஞ்சிக்குப் போகேல்லை எண்டு எழுதுங்கோ. பிள்ளையோடை பங்கருக்குள்ளைதான் இருந்தனான் எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். அதற்குப் பிறகு பிள்ளைக்கு என்ன நடந்ததென்று எழுதுவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.