பலகையில் ஏறாத வேலை

நான் ஃபிட்டர். ஒரே சலவை ஆலையில் பன்னிரண்டு வருஷம். ஆஸ்பத்திரிகளும் விடுதிகளும் அனுப்பும் அழுக்குத் துணிதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஒரு வாசலில் அழுக்கு மூட்டை இறங்கும், மறு வாசலில் மடித்த துணி வண்டி ஏறும். நடுவில் ஆறு வாஷிங் மெஷின், பிழிகிற டிரம் இரண்டு, ஒரு பாய்லர், கடைசியில் ரோலர்.

ரோலர் என்றால் இரண்டு ஆள் நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை. உள்ளே நீராவி ஓடும். முன்னால் இரண்டு பெண்கள் நின்று ஈரப் பெட்ஷீட்டை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து உள்ளே கொடுப்பார்கள். அது மறுபக்கம் காய்ந்து, இஸ்திரி ஆகி, சொரசொரப்பில்லாமல் வரும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. விரல் போய் அதில் முட்டினால் ரோலர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். காவல் கம்பி என்போம். அதன் ஸ்பிரிங் வாரத்துக்கு இரண்டு தடவை தளரும். தளர்ந்தால் கம்பி சும்மாவே ஆடி, யாரும் தொடாமல் ரோலரை நிறுத்தி நிறுத்தி உயிரை வாங்கும். கால் சுற்று முறுக்கினால் ஒழுங்காகிவிடும். ஒரு நிமிஷ வேலை.

ரோலரின் வலது மூலையில் நின்றது என் அக்கா. என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான்.

ஷிஃப்டுக்கு அரை மணி முன்னால் நான் வந்துவிடுவேன். பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பேன், பேரிங்குக்கு கிரீஸ் வைப்பேன், நீராவி வால்வில் காது கொடுத்துக் கேட்பேன். கடைசியில் ஒரு கந்தல் துணியைக் காவல் கம்பியில் அழுத்தி, ரோலர் நிற்கிறதா என்று பார்ப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஓடுகிற மெஷினில் கையை விட்டுத் திட்டு வாங்குவதைவிட, நிற்கிற மெஷினில் எண்ணெய் விடுவது மேல், அவ்வளவுதான். பிறகு பகல் முழுக்கப் பெரிதாக வேலை இருக்காது. ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பேன்.

"பாருங்கடி, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கான்" என்பாள் அக்கா. "விசிறி விடணுமா ராசா?"

பெரிய விடுதி ஒன்று கணக்கை முடித்துக்கொண்டு வேறு ஆலைக்குப் போனபிறகு முதலாளி பயந்துபோனார். ஒரு மேனேஜரைக் கூட்டி வந்தார். அவர் வந்த மூன்றாம் நாள் நடுச்சுவரில் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது. இடதுபக்கம் எங்கள் எல்லோரின் பெயர், அடுத்து இலக்கு, அடுத்து நேற்றைய எண். பெண்கள் அவருக்கு போர்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் முட்டாள் இல்லை. மாதாமாதம் நாற்பது பெட்ஷீட் எங்கே தொலைகிறது என்று வருஷக்கணக்காக ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தோம். அவர் இறங்குகிற இடத்திலும் ஏறுகிற இடத்திலும் எண்ண வைத்தார். ஒரே வாரத்தில் தெரிந்தது, வண்டியிலேயே குறைவாகத்தான் வருகிறது என்று. பழி தீர்ந்தது. அன்றைக்கு நானே அவருக்குக் கை கொடுத்தேன்.

"இனிமே இங்க யாரும் 'நல்லா போகுது சார்'னு சொல்லக்கூடாது" என்றார் கூட்டத்தில். "எவ்வளவுன்னு சொல்லணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

ரோலருக்கு மணிக்கு நூற்று அறுபது பெட்ஷீட். எனக்கு நாளுக்கு எட்டு சீட்டு. மெஷின் கெட்டால் அதில் நிற்பவர் சீட்டு எழுத வேண்டும், நான் சரிசெய்து நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒரு சீட்டு என்றால் பலகையில் ஒன்று. தொடர்ந்து மூன்று மாதம் இலக்குக்குக் கீழே இருந்தால் "மறுபரிசீலனை". அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் மாதம் என் எண் இரண்டுக்கு மேல் ஏறவில்லை. மேனேஜர் கூப்பிட்டார்.

"ரெண்டு. இலக்கு எட்டு."

"எதுவும் கெட்டுப்போகல சார்."

"அப்ப ஃபிட்டருக்கு இங்க வேலை இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

"கெட்டுப்போகாம பாத்துக்கறதுதான் சார் என் வேலை. காலைல சீக்கிரமா வந்து..."

"யார் வரச் சொன்னது? அதுக்கு சீட்டு இருக்கா?"

"இல்ல."

"ஆன ரிப்பேரை எண்ணலாம். ஆகாத ரிப்பேரை நான் எப்படிங்க எண்ணுறது? நீங்களே சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். வெளியே வந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. எரிச்சலில் ஒரு முடிவெடுத்தேன்: உனக்கு எண்தானே வேண்டும், வாங்கிக்கொள்.

மறுநாளிலிருந்து ஷிஃப்ட் மணி அடித்தபிறகுதான் உள்ளே வந்தேன். எதையும் நான் உடைக்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். காதில் விழுந்ததைக் கேட்காமல் விட்டேன், அவ்வளவுதான். நாலாம் நம்பர் மெஷினின் பெல்ட் கிறீச்சென்று கத்தியது. இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று தெரிந்தது. டீ குடித்தேன். இரண்டாம் நாள் அறுந்தது. சீட்டு வந்தது, மாட்டினேன், கையெழுத்திட்டேன். ஒன்று. பேரிங் இறுகியது, ஒன்று. வால்வு ஒழுகியது, ஒன்று. மாதக் கடைசியில் நாளுக்குப் பத்து. பலகையின் மூலையில் என் போட்டோவை ஒட்டினார்கள். கீழே "இம்மாதச் சிறந்த ஊழியர்".

"எல்லா மெஷினும் படுத்துக்கிச்சு, உன் போட்டோ மட்டும் நிமிர்ந்து நிக்குதுடா" என்றாள் அக்கா. சிரிக்கவில்லை. அவளுடைய எண் நூற்று முப்பது.

காவல் கம்பியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. மணிக்கு ஏழெட்டு தடவை ரோலர் சும்மா நின்றது. ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது ரோலர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். கிழிந்த பெட்ஷீட்டிலிருந்து ஒரு நாடாவைக் கிழித்து, கம்பியைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள். முடிச்சு அழகாக இருந்தது, சின்னப் பிள்ளைக்குப் பின்னல் போட்டுவிட்டதுபோல.

"இது என்னக்கா?"

"கண்ணு தெரியலையா? கட்டியிருக்கேன்."

"கை போயிடும்."

"முப்பது வருஷமா கொடுக்கறேன், எனக்குத் தெரியாதா என் கை எங்க இருக்குன்னு?"

"சீட்டு எழுதிக் குடு. ரெண்டு நிமிஷத்துல முறுக்கிடறேன்."

"சீட்டு எழுதினா மெஷினை அணைச்சு ஆற விடணும்பாங்க. அரை மணி என் தலையில விழும். எழுபது ஷீட்டு குறையும். நீ சீட்டில்லாம முறுக்கேன். முன்னெல்லாம் செய்வியே, காலைல வந்து."

நான் பலகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்போது மதியம் ஆகியிருந்தது, அன்றைக்கு என் கணக்கு ஆறு. அந்த முறுக்குக்கு ஒரு சீட்டு கிடைத்தால் ஏழு.

"சரி, சீட்டு நானும் எழுத மாட்டேன், சும்மா நீயும் செய்ய மாட்டே. அப்படித்தானே?" என்றாள். "பெத்தவங்க பாத்தா பெருமைப்படுவாங்க. போ, அங்க எதாவது உடைஞ்சிருக்கும்."

நாளைக் காலை சீக்கிரம் வந்து முறுக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒன்பது நாள் அந்த முடிச்சைத் தாண்டி நடந்தேன்.

பத்தாம் நாள் பகல் பதினொரு மணிக்குக் கத்தல் கேட்டது. ஒரு பெட்ஷீட் மடிந்து உள்ளே போயிருக்கிறது. அக்கா அதைத் தட்டிவிடக் கையை நீட்டியிருக்கிறாள். எண்ணற்ற தடவை செய்ததுதான். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருந்தது, ஆனால் அசையவில்லை. இடது மூலைக்காரி ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தபோது மணிக்கட்டுவரை போயிருந்தது. உருளையைப் பின்னால் சுற்றிக் கையை எடுத்தவன் நான். அந்த வாசனையைப் பற்றி எழுத மாட்டேன். மூன்று விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த இரண்டும் மடங்காது. அவளைப் படுக்க வைத்திருந்த பெட்ஷீட்டின் ஓரத்தில் எங்கள் ஆலையின் முத்திரை இருந்தது.

மறுநாள் மேனேஜர் ஒரு படிவம் நீட்டினார். "காரணம்" என்ற இடத்தில் இரண்டு கட்டம். இயந்திரக் கோளாறு. தொழிலாளர் தவறு. முதலாவது என்றால் அக்காவுக்கு நஷ்டஈடு உண்டு. இரண்டாவது என்றால் மருத்துவச் செலவோடு சரி. நான் முதல் கட்டத்தில் குறியிட்டு, கீழே எழுதினேன்: ஸ்பிரிங் தளர்ந்ததை ஃபிட்டர் பார்க்கவில்லை. கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தும் அவிழ்க்கவில்லை.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"இதை எழுத முடியாதுங்க."

"நடந்தது அதுதான் சார்."

"ஸ்பிரிங்கைப் பாக்கறது உங்க இலக்குல இருக்கா? இல்ல. உங்களுக்குக் குடுக்காத வேலையை நீங்க செய்யலைன்னு எப்படி எழுதறது? சட்டப்படி நிக்காது."

"முடிச்சைப் பாத்தேன் சார். ஒன்பது நாள்."

"பாத்ததுக்கு சீட்டு இருக்கா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்கும் தூக்கம் இல்லை என்று கண் சொன்னது. ஆனாலும் என் வரியின் மேல் அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார். முடிச்சுப் போட்டது யார் என்பதற்கு இடது மூலைக்காரி சாட்சி. என் குறியை அடித்துவிட்டு, இரண்டாவது கட்டத்தில் அவரே குறியிட்டார்.

அன்று சாயங்காலம் பலகையில் முந்தைய நாள் எண் ஏறியிருந்தது. எனக்குப் பன்னிரண்டு. அதுவரை நான் தொடாத எண். பன்னிரண்டாவது சீட்டில் நான் கையெழுத்திடவில்லை, யாரோ எனக்காக நிரப்பியிருந்தார்கள்: காவல் கம்பி, ஸ்பிரிங் முறுக்கியது, ஒன்பது நிமிஷம். போட்டோவைக் கிழித்து எறிந்தேன். அடுத்த நாள் இன்னொன்று ஒட்டியிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தாள். வீட்டில் உட்கார வழியில்லை. அவளை மடிப்பு மேசையில் போட்டார்கள். டவல் மடிக்க வேண்டும், நாளுக்கு ஐந்நூறு. இடது கையாலும் தாடையாலும் மடித்தாள். டவலின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கி, இடது கையால் இழுத்து, கட்டுப்போட்ட கையின் முழங்கையால் அழுத்தி. முதல் நாள் முந்நூறு. பலகையில் சிவப்பு மையில் எழுதினார்கள்.

"ரெண்டு கைக்கு வெச்ச இலக்குங்க சார் அது" என்றேன் மேனேஜரிடம்.

"மேசைக்கு வெச்ச இலக்கு. ஆளுக்கு ஆள் மாத்தினா அப்புறம் அளவுன்னே ஒண்ணு இல்லையே."

மறுநாள் ஷிஃப்டுக்கு ஒன்றரை மணி முன்னால் வந்தேன். முதல் ஒரு மணி நேரம் டவல் மடித்தேன். இருநூறு. அக்காவின் மேசைக்கு அடியில் அடுக்கி வைத்தேன். மிச்ச அரை மணியில் பெல்ட், பேரிங், வால்வு. கடைசியில் கந்தல் துணியைக் காவல் கம்பியில் அழுத்தினேன். நின்றது.

அக்கா வந்து அடுக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஓரம் சேரல" என்றாள். "மாப்பிள்ளைக்கு மடிக்கவும் தெரியல."

கை போனபிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் எண் மெல்ல மெல்ல ஐந்நூறைத் தொட்டது. ஒரேயடியாக ஏற்றினால் சந்தேகம் வரும் என்று நாளுக்கு நாள் இருபது, முப்பதாகத்தான் கூட்டிக் காட்டினாள். மிச்சத்தை ஒளித்து வைத்தாள். ரோலர் மணிக்கு நூற்று எழுபதைத் தாண்டியது, மாதத்தில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நாலாம் நம்பர் மெஷின் பூனைபோல ஓடியது. என் எண் நாலு ஆனது, பிறகு மூன்று, பிறகு ஒன்று.

முன்பு கணக்கை முடித்துக்கொண்டு போன அந்த விடுதிக்காரர்கள் போன வாரம் திரும்பி வந்தார்கள். மேனேஜர் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆலையைச் சுற்றினார். மடிப்பு மேசை முன்னால் நின்றார்.

"இவங்களைப் பாருங்க. கையில பெரிய காயம். முதல் நாள் முந்நூறு, இன்னைக்கு ஐந்நூத்திப் பத்து. நாங்க இலக்கைக் குறைக்கல. குறைச்சிருந்தா இவங்க முந்நூறுலயே நின்னிருப்பாங்க."

விடுதிக்காரர் ஒருவர் தலையாட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டார். அக்கா தாடையில் டவலோடு அப்படியே நின்றாள். வாய் திறந்தால் டவல் விழுந்துவிடும்.

இன்று மாதக் கடைசி. மூன்று மாதம் முடிந்தது. மேனேஜர் உறையை என் கையில் கொடுத்தபோது வருத்தப்பட்டார். "நல்ல உழைப்பாளி நீங்க. திடீர்னு என்ன ஆச்சுன்னே புரியல" என்றார். "மெஷினெல்லாம் இப்ப நல்லா ஓடுது. ஃபிட்டரே தேவையில்லாத அளவுக்கு."

நேராக மடிப்பு மேசைக்குப் போனேன். அக்கா உறையைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். தாடையிலிருந்த டவலை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"என்னிக்கு கடைசி?"

"இன்னிக்கே."

"சரி." அடுத்த டவலை எடுத்தாள். "நாளைக்கு என் இருநூறை யாருடா மடிப்பா?"

மணி நாலு. ஷிஃப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. உறையைப் பின்பக்கப் பையில் செருகிக்கொண்டு, அவளுக்கு எதிரே நின்று, குவியலிலிருந்து ஒரு டவலை எடுத்து உதறினேன்.

"ஓரம் சேத்து மடி" என்றாள்.