இஞ்சினுக்கும் குளிரும்

மன்னவனூரில் அன்று விடியும்போதே உருளைக்கிழங்குக் காடு முழுக்க உப்பைக் கொட்டியது போல உறைபனி. வெயில் படுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் இலை கருகிவிடும், அந்த வருசத்து விளைச்சலும் அதோடு சரி. தண்ணீருக்கு ஓடைக்கரை டீசல் இஞ்சின்தான் கதி.

"என் குல்லாவ எங்க வச்ச?" என்று திருமலைச்சாமி பெண்டாட்டியிடம் எகிறினான். காது இரண்டும் விறைத்துப் போயிருந்தன.

"ஒங்க குல்லாவுக்கு நான் காவலா? மொதல்ல இஞ்சினக் கெளப்புங்க, வெரசா," என்றாள் ராஜகுமாரி.

இஞ்சின் கிளப்புவதில் தன்னை விஞ்ச ஊரிலேயே ஆளில்லை என்பது அவன் நினைப்பு. அரை இருட்டில், மேலே போர்த்தியிருந்த சாக்கை உருவி எறிந்தான். சுற்றுவதற்கு லேசாக, உள்ளிருக்கும் காற்றை வெளியே விடும் லிவரைத் தூக்கி, ஹேண்டிலை மாட்டிச் சுழற்றி, வேகம் வந்ததும் லிவரைத் தட்டிவிட்டான். சக்கரம் சுகமாகச் சுற்றி ஓய்ந்தது. புகைகூட வரவில்லை. திரும்பத் திரும்பச் சுற்றியும் அதே கதைதான். அதற்குள் எதிர்மலை உச்சியில் வெயில் ஏறிவிட்டது. ஆனாலும் அவன் வீறாப்பை விடவில்லை.

"பாத்தியா, எம்புட்டு லேசாச் சுத்துறேன்! என் ஒடம்புல தெம்பு கெடக்கு. இஞ்சினுக்குத்தான் என்னமோ கேடு."

ராஜகுமாரி கையிலிருந்த ஹோஸைக் கீழே போட்டாள்.

"லேசாச் சுத்துதா? லிவரு விழுந்தா ஹேண்டிலு கைய ஒடிக்கிற மாதிரி எதுத்து நிக்கணும்ல? சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சுடுதுல்ல, அது நாம அமுக்குற அமுக்குத்தான். உள்ள காத்து இருந்தாத்தானே நசுங்கிச் சூடேறும்? சூடேறுனாத்தானே டீசல் பத்தும்? எங்கிட்டோ அடச்சுக் கெடக்குங்க."

அவனுக்குச் சட்டென்று உறைத்தது. நைசாக நகர்ந்து, மறுபக்கத்தில் இஞ்சின் காற்று இழுக்கும் குழாயை முதுகால் மறைத்துக்கொண்டான். அவள் அவனைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். குழாயின் வாயை மூடி ஒரு பாலித்தீன் பை; அதன்மேல் இறுக்கிக் கட்டிய குரங்குக் குல்லா. முந்தின சாயங்காலம் அவனே மாட்டியது.

"இஞ்சினுக்கும் குளிருமேன்னு..." என்று இழுத்தான்.

குல்லாவும் பையும் கழன்றன. இந்தத் தடவை லிவர் விழுந்ததும் ஹேண்டில் முரண்டு பிடித்தது. பல்லைக் கடித்து ஒரே தள்ளு. 'டுப்' என்றது, பிறகு 'டுப்டுப்டுப்' என்று ஊரையே எழுப்பியது. வெயில் காட்டுக்குள் இறங்கும்போது கடைசிப் பாத்தியும் நனைந்து பச்சையாக நின்றது. சந்தோஷத்தில் அவனுக்குக் கூவத் தோன்றியது, கூவியே விட்டான்.

ராஜகுமாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "இஞ்சினுக்குக் குளிரும்னு தோணுச்சே, எனக்குக் குளிரும்னு என்னைக்காச்சும் தோணுச்சா?"

அவன் குல்லாவை உதறி அவள் தலையில் மாட்டி, காது மூட இழுத்துவிட்டான். டீசல் நாற்றம் குப்பென்று அடித்தது. வெயில் சுள்ளென்று ஏறிய பிறகும் அவள் அதைக் கழற்றவில்லை.