வட்டம் வராத பெயர்கள்

என் கணவருக்கு ஒரு மருந்து ஆகாது. காயம் பட்டு வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் போடுகிற சாதாரண ஊசிதான். கல்யாணமான புதிதில் ஒருமுறை போட்டு, உதடும் தொண்டையும் வீங்கி, பிழைத்தது மறுபிறப்பு. அன்றிலிருந்து அரசு மருத்துவமனைக் கணினியில் அவர் பெயரைத் தட்டினால் சிவப்புக் கட்டம் ஒன்று எழும்பும்: இந்த ஊசி கூடாது. அந்தக் கட்டத்தை நம்பித்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

அவருக்கு வேலையும் அங்கேயேதான், கணினிப் பிரிவில் பொறுப்பாளர். அந்த வருடம் எல்லா மருத்துவமனைகளும் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத கட்டற்ற மென்பொருளுக்கு மாற வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. அவர் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

"நம்ம நோயாளிங்க, நம்ம அலமாரி. சாவி மட்டும் எவனோ ஒருத்தன் இடுப்புல. இது என்ன நியாயம்?" என்பார்.

அதுவரை மென்பொருள் கொடுத்துவந்த பழைய கம்பெனியின் ஆள் எந்த வெயிலிலும் கோட்டு போட்டிருப்பார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கோட்டு. விடைபெறும்போது கைகுலுக்கிச் சொன்னாராம்: "பூட்டைத் திறந்துட்டீங்க சார், சந்தோஷம். உள்ள இருந்தவங்க எல்லாரும் உங்களோட வர்றாங்களான்னு மட்டும் பாத்துக்கங்க." இவர் அதைச் சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டினார். சிரித்தேன். 

பழைய பதிவுகளைப் புதிய மென்பொருளில் முதன்முதலாகத் திறந்த அன்று, அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். திரையின் தலைப்பில் 'அரசு மருத்துவமனை' என்று வந்திருக்க வேண்டும். 'அ'வுக்கும் 'சு'வுக்கும் நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டம், அதை ஒட்டி ஒரு துணைக்கால்.

"என்ன சார், அரசுக்கு நடுவுல ஓட்டை விழுந்திருக்கு?" என்றார் டைப்பக்கா. பதிவுகளை அடிப்பவர் அவர். மருத்துவமனைக்கே அக்கா.

"ஓட்டை உங்க விரல்லேர்ந்து வந்ததுக்கா."

பழைய கம்பெனியின் எழுத்தில் 'ர'வும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுதான். காகிதத்தில் அச்சடித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அந்த அறையில் எல்லாருமே விரலுக்கு எது பக்கமோ அதை அடித்துப் பழகியிருந்தார்கள்.

"ர-வுக்கு ஷிப்ட் அழுத்தணும் சார். காலுக்கு வேண்டாம். காலை வெச்சே காலத்தை ஓட்டிட்டோம்."

"கண்ணுக்குத்தான் ஒண்ணு. புதுசுக்கு ரெண்டும் வேற வேற ஆளு. தேடினா கிடைக்காது."

"அப்ப வட்டம் வந்ததை எல்லாம் மாத்திட்டா முடிஞ்சுதே," என்றேன் நான்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வட்டம் வந்தா பயமில்ல. 'அ'வோட கால் ஒட்டாது, அதான் வட்டம்; பாத்த உடனே தெரிஞ்சுடும். வராததுதான் பயம். கரடின்னு அடிச்சது காடின்னு நிக்கும். அதுவும் ஒரு வார்த்தைதானே? கரடியா காடியான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

டைப்பக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணவர் பெயரின் நடுவிலும் ஒரு 'ர' உண்டு. மனதுக்குள் அதை எடுத்துவிட்டுக் கால் போட்டுப் பார்த்தேன். வட்டம் எதுவும் வராமல், யாரோ ஒரு வேற்று மனிதரின் பெயர் முழுதாக வந்து நின்றது.

அவர் மேலதிகாரியிடம் அவகாசம் கேட்டார். "மாத்தணும்னு குதிச்சவரே நீங்கதானே? இப்ப நிறுத்தினா கோட்டுக்காரர் மறுபடி வாசல்ல வந்து நிப்பார், பரவாயில்லையா?" என்று கேட்டார்களாம். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பழைய திரைகள் அணைந்தன. ஒவ்வொரு பெயராகக் கண்ணால் பார்த்துத் திருத்துவது என்று ஏற்பாடு. அகர வரிசையில் அவர் பெயர் ரொம்பப் பின்னால்.

"முதல்ல உங்க பேரைச் சரி பண்ணிடுங்களேன். ஒரு நிமிஷ வேலை."

"எனக்கு முன்னாடி ஊரே நிக்குதும்மா."

"ஊருக்கெல்லாம் அந்த ஊசி ஆகாதா?"

"யாருக்கு எது ஆகாதுன்னு தெரியாமத்தானே வரிசையில போறோம். சாவி கைக்கு வந்ததும் முதல் வேலையா என் கதவை மட்டும் திறந்துக்கவா?"

கோபத்தில் அவருடன் பேசாமல் இருந்தேன். அவர் பாட்டுக்கு, "இன்னைக்கு 'ச' முடிஞ்சுது," "'த' ஆரம்பிச்சாச்சு," என்று வீட்டுக்குள் வரும்போதே சொல்லிக்கொண்டு வருவார். ஒவ்வொரு எழுத்தும் முடிய முடிய எனக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

'ப'வில் இருந்தபோது என் தங்கைக்குப் பிரசவம். நான் அங்கே போயிருந்தேன். விடுமுறை நாள். மழை ஈரத்தில் அவருடைய வண்டி சறுக்கித் தலையில் அடி. நினைவில்லை. வழியில் போன யாரோ அவருடைய மருத்துவமனைக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். சட்டைப்பையில் இருந்த அட்டையைப் பார்த்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பெயரை அடித்திருக்கிறாள். எழுத்துப் பிசகாமல், 'ர'வை 'ர'வாகவே அடித்திருக்கிறாள்.

முந்தைய பதிவு இல்லை என்றது திரை. கட்டம் எழும்பவில்லை.

"புது ஆளுன்னு நினைச்சுட்டேன்மா," என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை என்ன சொல்ல? அவள் ஒருத்திதான் சரியாக அடித்தவள்.

காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்து டைப்பக்கா போன் செய்தார். 

"சார் பேரு வந்துடுச்சும்மா. மாத்திட்டேன். மாத்தின உடனே செவப்புக் கட்டம் எழும்பி நிக்குது. மூடவே கை வரல."

"மூடுங்கக்கா."

"மேலதிகாரி பேர் திருத்தற வேலையை நிறுத்தச் சொல்லிட்டார்மா. சார் போன மாதிரி இனிமே நடக்காது, மத்த ஊர் ஆஸ்பத்திரியில எல்லாம் அப்படியே திறந்துட்டாங்க, ஒரு புகாரும் வரலைங்கறார்."

"அங்கல்லாம் திரையில வட்டம் வருதா?"

"இல்லையாம்மா. வட்டம் வந்ததை மட்டும் மாத்திட்டாங்களாம். ஒரு வட்டம்கூட இல்லையாம்."