நாகம்மாளுக்கு ஒத்துக்கொண்ட கல்

ராசிக்கல் விற்கிறவனுக்கு ராசிக்கல்லில் நம்பிக்கை இருக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கும்பகோணம் கடைத்தெருவில் பதினாறு வருஷமாகக் கல் விற்கும் பிரபுவுக்கு அது கடுகளவும் கிடையாது. சனி பகவான் அத்தனை கோடி மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, திருவிடைமருதூர் டிராவல்ஸ்காரர் நடுவிரலில் என்ன போட்டிருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பதாக நம்ப அவனுக்கென்ன பைத்தியமா? அதை வாடிக்கையாளரிடம் சொல்வதென்றால் அதைவிடப் பெரிய பைத்தியமாக இருக்கவேண்டும்.

கடையின் மூலதனம் கற்கள்கூட இல்லை, ஒரு பேச்சுதான். “மூணு நாள் தலகாணிக்கு அடியில வெச்சுப் படுங்க. ஒத்துக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க, பைசா வேணாம்.” எந்த வீட்டிலும் மூன்று நாளில் ஏதாவது ஒரு நல்லது நடந்தே தீரும். கேஸ் சிலிண்டராவது சொன்ன தேதிக்கு வந்துவிடும். கல்தான் கொண்டுவந்தது என்று மோதிரத்துக்கு அளவு கொடுத்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் கல்லைத் திருப்பிக் கொடுத்த ஒரே ஜீவன் நாகம்மாள்.

நாகம்மாளுக்குத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இரண்டு ஏக்கர் நஞ்சை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, வாய்க்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை. மாதம் ஒருமுறை கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்குவாள். வந்த அன்றே கடைக்கு வந்து ஒரு கல்லை எடுத்துப் போவாள். ஊருக்கு பஸ் ஏறும் நாளில் கல்லோடும் ஒரு புகாரோடும் வந்து நிற்பாள். புஷ்பராகம் வைத்த அன்றைக்கு மருமகனின் அக்கா பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டாள். கோமேதகம் போன நேரம், ஊரில் மோட்டார் புகைந்துவிட்டது. பவளத்தால் வயிற்றுப்போக்கு. “உன் கடையில உருப்படியா ஒரு கல்லு கிடையாதா தம்பி?” என்று கேட்டுவிட்டு, அவன் வாங்கிக் கொடுக்கிற காபியையும் குடித்துவிட்டுப் போவாள்.

பிரபுவுக்கும் ஒரு கிறுக்கு உண்டு. அது அவன் மேஜைமேல் நிற்கும் அக்வாமரீன் என்கிற வெளிர்நீலக் கல். காங்கேயம் பக்கம் கிணறு வெட்டினவரிடம் நாலு தடவை நடந்து, கெஞ்சி வாங்கியது. பட்டை தீட்டாதது. விரல் நீளத்துக்கு, பூமிக்குள்ளேயே ஆறு பக்கமாக விளைந்து, அடியில் வெள்ளைப் பாறைத் துண்டை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மரகதமும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மரகதத்தை நவரத்தினத்தில் சேர்த்துக்கொண்டு, இதை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எந்தக் கிரகமும் சொந்தம் கொண்டாடவில்லை என்பதாலேயே பிரபுவுக்கு அதன்மேல் உயிர். கல் சேகரிக்கிறவர்கள் சென்னையிலிருந்து வந்து கேட்டும் கொடுக்கவில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், கடை நிறைய ஒரு கல்யாணக் கோஷ்டி. பிரபு மூன்று நாள் பேச்சை அப்போதுதான் ஏற்ற இறக்கத்தோடு பேசி முடித்திருந்தான். நாகம்மாள் உள்ளே வந்து, மேஜையைக் காட்டி, “இதைக் குடு” என்றாள்.

“அது விக்கிறதுக்கு இல்லைம்மா.”

“நான் விலைக்கா கேட்டேன்? மூணு நாளைக்குத்தானே. இவங்களுக்கெல்லாம் குடுப்பே, எனக்குக் குடுக்கமாட்டியா?”

கோஷ்டி மொத்தமும் அவன் முகத்தைப் பார்த்தது. மாப்பிள்ளையின் மாமா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பிரபு ஒரு நொடி யோசித்தான். இந்த அம்மாவிடம் போன கல் எதுதான் தங்கியிருக்கிறது? மூன்று நாளில் ஏதாவது ஒரு பேதியோடு திரும்பி வந்துவிடும். பஞ்சில் சுற்றிக் கொடுத்தான்.

நான்காம் நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் போன் வந்தது. “தம்பி, கல்லு ஒத்துக்கிச்சு. நான் ஊருக்கு வந்துட்டேன்.”

பிரபு காலியாகக் கிடந்த மேஜையைப் பார்த்தான். “நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. வயிறு ஏதாச்சும்?”

“கல்லைக் குடுத்தாலும் செரிக்குது.”

“மோட்டாரு?”

“ஓடுது.”

“சம்பந்தி வீட்டு ஆளுங்க யாராச்சும்...”

“ஒருத்தரும் வரலை, நிம்மதியா இருக்கேன்.”

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாடிக்கையாளருக்கு நல்லது நடந்ததற்காகப் பிரபு மனம் நொந்தான். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, மன்னார்குடியில் பஸ் மாறி, வழி முழுக்க ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனான்.

நாகம்மாள் வீட்டில் கல் தலையணைக்கு அடியில் இல்லை. ஜன்னல் கட்டையில், சீப்புக்கும் தைலப் பாட்டிலுக்கும் நடுவில் நின்றது. பிரபு அதைக் கையில் எடுத்துக்கொண்டான். எடுத்தபிறகுதான் மூச்சே வந்தது.

“இது ஜலக் கல்லும்மா. ஒன்பது நாளுக்குமேல வீட்டுல இருந்தா, வெள்ளம் வாசலுக்கு வந்துடும்னு சாஸ்திரம்.”

“வரட்டுமே. கடைமடைக்கு என்னைக்குத் தண்ணி ஒழுங்கா வந்துச்சு?”

பொய் அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பிரபு தரையில் உட்கார்ந்துவிட்டான். “அம்மா, உண்மையைச் சொல்லிடறேன். எந்தக் கல்லுக்கும் ஒரு சக்தியும் கிடையாது. நான் பேசினது எல்லாம் வியாபாரம்.”

நாகம்மாள் அசரவில்லை. “இது எனக்குத் தெரியாதா? பவளம் என்ன பண்ணும் பாவம். நான் தின்னது மக வீட்டுப் பழைய மீன்கொழம்பு.”

“அப்புறம் எதுக்கு மாசாமாசம் வந்து வாங்கிட்டுப் போனீங்க?”

“பாக்கத்தான். என் கல்யாணத் தோட்டுலயே கண்ணாடிதான் வெச்சிருந்தாங்க. எனக்கு யாரு இதையெல்லாம் கையில குடுத்தா? மூணு நாளு ஆசை தீரப் பாப்பேன். கொறை சொல்லலைன்னா, மோதிரம் பண்ணிக்கன்னு நீ தலையில கட்டிடுவியே.” அவள் அவன் கையைப் பார்த்தாள். “சக்தி இல்லாத கல்லுக்கு நீ எதுக்கு ரெண்டு பஸ்ஸு ஏறி வந்தே?”

பதினாறு வருஷம் கல்லைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவன் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அழகா இருக்கும்மா,” என்றான் கடைசியில். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

“அதான்,” என்றாள் நாகம்மாள். கொடு என்றும் கேட்கவில்லை, எடுத்துப் போ என்றும் சொல்லவில்லை.

கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பான். கல் அவன் உள்ளங்கையில் சில்லென்று கிடந்தது. அதை விட்டுவிட்டுப் போவதை நினைத்தால் அழுகையே வந்தது. அவன் எழுந்து, சீப்பையும் தைலப் பாட்டிலையும் எடுத்துக் கீழே வைத்தான். அடியிலிருந்த வெள்ளைப் பாறை கட்டையில் பதியும்படி கல்லை ஜன்னலில் நிறுத்தி, வெயில் படும் அளவுக்குத் திருப்பினான்.

“இங்கேருந்து பாருங்கம்மா. உள்ளே நூல் நூலா இறங்குது, தெரியுதா?”

நாகம்மாள் குனிந்து பார்த்தாள். “மழை பெய்யுது,” என்றாள் மெதுவாக.

“ஆமாம்மா. நீங்களே வெச்சுக்குங்க.”

அவள் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பிரபுவுக்கு அங்கிருந்து போக மனம் வரவில்லை, ஜன்னல் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

“கொஞ்சம் நகரு தம்பி,” என்றாள். “மறைக்கிறே.”