வளைவில் பத்து நிமிடம்

சைக்கிள் பந்தயம் மலைச்சாலை வழியாக இறங்கப் போகிறது என்ற செய்தி பால் பண்ணைக்கு வந்த நாளிலிருந்தே டேங்கர்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் இப்போது டேங்கர் ஓட்டுவதில்லை. பண்ணையில் கேன் கழுவுகிறார். அதற்கு முன்பு இருபத்தாறு வருடம் அதே மலைச்சாலையில் பால் லாரி ஓட்டியவர் என்பதால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பனிமூட்டக் காலையில், மேலிருந்து பயிற்சிக்காக இறங்கி வந்த ஒரு சைக்கிள் வீரன் நாலாவது வளைவில் சரளையில் சறுக்கி, லாரியின் பின்சக்கரத்துக்குள் போய்விட்டான். இருபத்து நாலு வயது. லாரி தன் ஓரத்தில், தன் வேகத்தில்தான் வந்தது. விசாரணையில் ஓட்டுநர் மேல் தப்பில்லை என்று எழுதி, லைசென்ஸையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அதைப் பீரோவில் பழைய துணிகளுக்கு அடியில் போட்டவர்தான், பிறகு எடுக்கவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் மனைவி செய்தித்தாளை மடித்துவிட்டுச் சொன்னாள்.

"அந்தப் பையனோட டீமும் வருதாம். வீட்டுக்காரங்க வந்து வளைவுல பூ வைக்கப் போறாங்களாம். நீங்க அந்தப் பக்கம் தலை காட்டாதீங்க."

"சரி" என்றார். சரி என்றுதான் நினைத்தும் இருந்தார். ஆனால் ராத்திரி முழுக்க மழை அடித்து ஊற்றியது. அந்த வளைவுக்கு மேலே சரிவில் மண் இளகினால் சரளை எங்கே வந்து படியும் என்பது அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். விடிந்ததும் கொல்லைப்புறம் போய் நீளத் துடைப்பத்தை எடுத்தார். மனைவி பார்த்தாள்.

வளைவில் கொடி பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். மஞ்சள் சட்டை, கழுத்தில் விசில். வெளியூர்க்காரர்.

"பெரியவரே, ரோட்டை மூடியாச்சு. ஓரமா நின்னு பாருங்க."

"சரளை கிடக்கு சார். ஈரத்துல கண்ணுக்குத் தெரியாது. நூறு பேர் ஒண்ணா இறங்கி வர்றாங்க."

கொடிக்காரர் செருப்பால் தேய்த்துப் பார்த்தார். கால் வழுக்கியது. கடிகாரத்தைப் பார்த்து, "அரை மணி நேரம் இருக்கு. சட்டுனு முடிங்க" என்றார்.

டேங்கர்காரர் குனிந்தவர் நிமிரவில்லை. தார் விளிம்பிலிருந்து நடுக்கோடு வரை, திரும்ப விளிம்பு வரை, பாத்திரம் துடைக்கிற மாதிரி பெருக்கினார். பாதி முடிந்தபோதுதான் தடுப்புச்சுவர் ஓரமாக ஒரு பெண் நிற்பதைக் கவனித்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் காகிதம் சுற்றிய வெள்ளைப் பூ. அவள் அதைச் சுவரோரம் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"சரியா இந்த இடத்துலதான் வழுக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உள்ளூர்க்காரன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. வாய் வரை வந்தது. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"அன்னிக்கு லாரி ஓட்டினது நான்தாம்மா."

அவள் கத்தவில்லை. அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே எங்கோ ஒலிபெருக்கி கரகரத்து அடங்கியது.

"நான் அவனோட அக்கா" என்றாள் கடைசியில். "ஆஸ்பத்திரியில நர்ஸ். அம்மாகிட்ட, உடனே உயிர் போயிடுச்சு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாங்க. நானும் கூட நின்னு தலையாட்டினேன். ஆனா போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டைப் படிச்சேன். எனக்குப் படிக்கத் தெரியுமே. பத்து நிமிஷமாவது உயிர் இருந்திருக்கணும். இருந்துச்சா?"

போலீஸ்காரர் வேகம் எவ்வளவு என்று கேட்டார். இன்சூரன்ஸ்காரர் பிரேக்கைப் பற்றிக் கேட்டார். நீதிபதி தூரத்தைக் கேட்டார். மனைவி பாவப்பட்டு எதையுமே கேட்கவில்லை. இந்தக் கேள்வியை மூன்று வருடத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"இருந்துச்சும்மா."

"தனியாவா கிடந்தான்?"

"இல்ல. ஃபோன் பண்ணிட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்துட்டேன். நகரவே இல்ல. வலிக்குதுன்னு அந்தத் தம்பி ஒரு தடவைகூடச் சொல்லல. குளிருதுன்னு சொல்லுச்சு. என் சட்டையைக் கழட்டிப் போர்த்தினேன். அப்புறம் ஷூ இறுக்குது, கழட்டி விடுங்கன்னு சொல்லுச்சு."

அவள் சுவரில் உட்கார்ந்தாள். சுவர் ஈரமாக இருந்தது.

"அந்த ஷூல கயிறு கிடையாது. திருகுற மாதிரி ஒரு வில்லை இருந்துச்சு. எனக்கு என்ன தெரியும்? நான் பாட்டுக்கு இன்னும் இறுக்கிக்கிட்டே இருந்திருக்கேன். 'அந்தப் பக்கம் இல்லண்ணே, இந்தப் பக்கம்'னு சொல்லுச்சு. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. எனக்குத்தான் அப்படித் தோணுச்சோ என்னமோ."

"சிரிச்சிருப்பான்" என்றாள் அக்கா. "எனக்கு ஃபோன்ல ஏதாவது சொல்லிக் குடுத்தாலும் அப்படித்தான். நான் தப்பா அமுக்குவேன், அவன் சிரிப்பான்." இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்புறம்?"

"கழண்டுச்சு. 'ஆங், இப்பச் சரி'ன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான், பிறகு பேசல. கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். ஆம்புலன்ஸ்காரங்க வந்துதான் எங்க விரலைப் பிரிச்சாங்க."

"இதை ஏன் எங்ககிட்ட வந்து சொல்லல?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டும்மா வர்றது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மேல கோபம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். போகல. உங்க தப்பு இல்லன்னு தெரிஞ்சும் போகல."

"அதுவா போனாப் போகட்டும்மா. நீங்களா போக்க வேண்டாம்."

விசில் சத்தம் கேட்டது. கொடிக்காரர் கை காட்ட, இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். முதலில் மோட்டார் சைக்கிள்கள். பிறகு மூன்று பேர் முதுகை வளைத்துக்கொண்டு அம்பாய்ப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் வந்தது. டேங்கர்காரர் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. சக்கரங்களை மட்டும் பார்த்தார். அத்தனையும் சாய்ந்தன, அத்தனையும் நிமிர்ந்தன. ஒன்றுகூடச் சறுக்கவில்லை. அந்தப் பையனின் டீம், நீலச் சட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், பூவைக் கடக்கும்போது, அவர்களில் ஒருவன் கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தான். காற்று முகத்தில் அடித்தது. அதோடு கூட்டம் கடந்துவிட்டது. கூரையில் சைக்கிள்களைக் கட்டிய கார்கள் வரிசையாகப் போயின.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "இதுக்காகவா நாலு மணிக்கு எழுந்திரிச்சு எழுந்திரிச்சுப் போனான்?"

அவர் மேலே சாலையைப் பார்த்தார்.

வெகு நேரம் கழித்து ஒருவன் தனியாக வந்தான். முழங்கை தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. அவனுக்குப் பின்னால், எப்போது இவன் விடுவான், ஏற்றிக்கொள்ளலாம் என்பது போல ஒரு வேன் ஊர்ந்து வந்தது. அவன் பூவைப் பார்க்கவில்லை. கொடிக்காரரைப் பார்த்து, எவ்வளவு தூரம் என்று தலையாலேயே கேட்டான். கொடிக்காரர் வாய் திறப்பதற்குள் அக்கா கை தட்டினாள்.

"போப்பா, போ. கிட்டத்தான் போறாங்க. பிடிச்சிடலாம்."

சுத்தப் பொய். அவன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து மிதித்தான். டேங்கர்காரரும் தட்டினார். கையில் ஒட்டியிருந்த மண் உதிர்ந்தது.

வேன் மறைந்ததும் அக்கா சொன்னாள். "அம்மா கீழ லாட்ஜ்ல இருக்காங்க. இந்த இடத்தைப் பார்க்க முடியாதுன்னுட்டாங்க. ஷூ கழட்டினதை நீங்க வந்து அவங்ககிட்ட சொல்லணும். நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க."

"இன்னிக்கேவாம்மா?"

"நாளைக்குக் காலையில கிளம்பிடுவோம்."

அவர் சற்றுத் தள்ளிப் போய் வீட்டுக்கு ஃபோன் போட்டார். எங்கே போகிறார், யாரைப் பார்க்கப் போகிறார் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"சட்டையெல்லாம் சேறா இருக்குமே" என்றாள் மனைவி. "வீட்டுக்கு வந்து வேற போட்டுக்கிட்டுப் போங்க. நானும் கூட வர்றேன்."