எல்லைக்கல் நகர்ந்த கதை

லாம்பிஸ் கடலில் மூழ்கி ஏழு வருடம் கழித்து அவனுடைய பளிங்குச் சிலை பீடத்தை விட்டு இறங்கி, ஒலிவத் தோப்பு வழியாக நடந்து, உச்சிப்பொழுதுக்குள் ஊர்க்கோடியிலிருந்த அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். பளிங்கோடு தோள் இடிக்க யாருக்கு மனம் வரும்?

தப்பு வண்ணக்காரன் சிமோனுடையது. நாக்சோஸ் தீவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்: முதலில் சிலையின் பாதத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றிப் பீடத்தோடு இறுக்க வேண்டும், அப்புறம்தான் கண் வரைய வேண்டும். கண் திறந்த சிலை சும்மா நிற்குமா? ஆனால் அன்று புதுத் திராட்சை மதுச் சாடிகளைத் திறக்கும் நாள். அந்த மடையன் ஈயத்தை மறந்து கண்ணை வரைந்துவிட்டு ஓடிவிட்டான்.

மகனின் உடல் கிடைக்காததால் வெறும் குழியின்மேல் நிறுத்துவதற்காக, ஏழு வருடம் கம்பளி நெய்து தெயானோ செய்வித்த சிலை அது. வாசலில் அதைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் திட்டினாள்: "வீடு வந்து சேர ஏழு வருஷமாடா ஆகும்?" அவன் பேசவில்லை, சாப்பிடவில்லை. உட்கார்ந்து மூன்று முக்காலிகளை உடைத்தான். நான்காம் நாள் பக்கத்து வீட்டு பிலோனின் ஆட்டை மிதித்துக் கொன்றான்.

"அக்கா, உன் பையன் என் ஆட்டைக் கூழாக்கிட்டான்!"

"கண்ணு தெரிஞ்சு நாலு நாள்தானே ஆகுது பிலோன், பார்த்து நடக்கப் பழகலை."

உயிரைக் கொன்ற பொருள் கல்லானாலும் கோடரியானாலும் அதை விசாரித்து எல்லைக்கு வெளியே போட வேண்டும் என்பது எங்கள் சட்டம். முந்தின வருடம் கோழி மேல் விழுந்த ஒரு கூரை ஓட்டை அப்படித்தான் அனுப்பினோம். ஓடு மறுபேச்சில்லாமல் போனது. சபையில் தெயானோ ஒன்றுதான் கேட்டாள்: "கடல் ஒரு தடவை தூக்கிட்டுப் போச்சு. இப்ப நீங்களுமாய்யா?" ஆனாலும் பெரியவர்கள் சட்டம் சட்டம்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

மாட்டுவண்டியில் ஏற்றி எல்லைக்கல்லுக்கு அப்பால் இறக்கினோம். வண்டி திரும்புவதற்குள் அவன் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்று தடவை இதே கூத்து. கண்ணைச் சுரண்டிவிடலாம் என்று சிமோன் உளியோடு வந்தான். "அவன் கண்ணுல கை வச்சே, உன் கண்ணைத் தோண்டிருவேன்" என்று தெயானோ இடுக்கியைத் தூக்கினாள். சிமோன் உளியைப் போட்டுவிட்டு ஓடினான். கடைசியில், ஆட்டைப் பறிகொடுத்த பிலோனே கத்தினான்: "அவனை வெளியே தள்ள முடியலைன்னா, எல்லைக்கல்லைப் பிடுங்கி அக்கா வீட்டுக்கு இந்தப் பக்கம் வைங்கய்யா! மாடு பாவம்!"

அப்படியே வைத்தோம். தண்டனை நிறைவேறியது. அன்றிலிருந்து தெயானோ வெளியூர்க்காரி; திருவிழாவுக்கு விருந்தாளியாக வந்து முன்வரிசையில் உட்காருகிறாள். ஊற்று மட்டும் எங்கள் பக்கம். தினமும் காலையில் அவள் குடத்தோடு கல்லைத் தாண்டுவாள், அவன் கல்லோரம் நின்றுகொள்வான். கடலைப் பார்த்தபடி ஏழு வருடம் காத்திருந்தவளுக்காக இப்போது அவன் காத்திருக்கிறான். ஊற்றடியில் வம்பளந்து நேரமானால் மட்டும் கல்லைத் தாண்ட ஒரு காலைத் தூக்குவான்.

"வந்துட்டேன்டா, காலைக் கீழ வை!" என்று அவள் தூரத்திலிருந்தே சத்தம் போடுவாள். அவனும் வைத்துவிடுவான்.